கடிதக் கட்டுகளைப் பங்கு போடாதீர்கள்: செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

வளவு வீட்டைப் பாகம் பிரிக்கையில் தேக்குத் தூணுக்கும் வெள்ளிச் சாமானுக்கும் பங்கு எழுதுகிறீர்கள். வீட்டின் இரண்டாம் பகுதியான இரண்டாங்கட்டில், பெட்டகத்தில் கிடக்கும் கடிதக் கட்டுகளை மட்டும் பிரிக்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள்.

ரங்கூன், பினாங்கு, கொழும்பில் நம்மவர் நடத்திய வட்டிக்கடைகளிலிருந்து வந்த கடிதத்தில் தொழில் வேறு, குடும்பம் வேறு என்றிராது. நடப்பு வட்டி (அன்றைய வட்டி விகிதம்), உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு), வராத பாக்கி என்று தொடங்கும். அதே தாளில் பெண்ணுக்குப் பார்க்கும் வரனும் கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரியும் வரும். இதை எந்தப் பங்கில் வைப்பது? கடிதத்தில் சொன்ன தொகை பேரேட்டில், அதாவது கணக்குப் புத்தகத்தில், ஏறியிருக்கும். கடிதம் ஒரு வீட்டுக்கும் பேரேடு இன்னொரு வீட்டுக்கும் போய்விட்டால் இரண்டுமே பாதி ஊமை.

உறைகளைத் தூக்கி எறியாதீர்கள். பல கடிதங்களில் தமிழ் வருஷம் மட்டுமே இருக்கும். ‘பிரபவ’ என்றால் 1867ஆ, 1927ஆ? விக்டோரியா படம் போட்ட தபால்தலையா, ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்டதா என்று உறையைப் பார்த்தால் தெரிந்துவிடும். பர்மாவில் 1937 மார்ச் வரை இந்தியத் தபால்தலைதான். ஏப்ரல் முதல் அதன் மேலேயே ‘பர்மா’ என்று அச்சிட்டது வந்தது. சேகரிப்புக்காகத் தலையை வெட்டியெடுத்த உறையில் இந்தச் சான்றும் போயிற்று, முத்திரைத் தேதியும் போயிற்று.

கட்டை அவிழ்க்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். கட்டு எண், கடித எண் இரண்டையும் 2பி பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். உறைக்கும் அதே எண். ஆண்டுவாரியாக அடுக்கி ‘ஒழுங்கு’ செய்ய வேண்டாம். அன்று கட்டியவர் வைத்த வரிசையே ஒரு தகவல்.

ஊதா மையில் மெல்லிய தாளில் பதிந்த நகல் புத்தகம் கிடைத்தால் தனிக் கவனம் வேண்டும். இங்கிருந்து வெளியூருக்குப் போன கடிதங்கள் அதில்தான் மிஞ்சியிருக்கும். ஈரத்துணி பட்டால் அந்த மை ஓடிவிடும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். துருவேறிய குண்டூசியை இழுக்காதீர்கள், தாளுக்கும் ஊசிக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி மெதுவாக நெம்புங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது. ராமபாணப் பூச்சி இருந்தால் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, கழித்தல் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்க உறையைத் திறக்காதீர்கள். திறந்தால் தாளில் நீர் கோக்கும்.

கடன், வழக்கு, மனத்தாங்கல் எழுதிய கடிதங்களை எரித்துவிடும் வழக்கம் இருக்கிறது. தேவையில்லை. காப்பகத்தில் கொடுக்கும்போதே, குறித்த ஆண்டு வரை யாருக்கும் காட்டக்கூடாதென்று எழுதி வாங்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்த பிறகும் சிதறாததால்தான் அவை இன்று சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கின்றன.

400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்து ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு படி கொடுங்கள். மூலம் ஒரே இடத்தில் இருக்கட்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இதற்கென ஒரு பத்தி சேர்த்து, கட்டு எண்களின் பட்டியலை இணைத்து, ‘பொது’ என்றெழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள்.

இப்படிக்கு,
ஆவணப் பாதுகாப்புப் பணியில் உள்ளோர்