காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் "எவர்சில்வர் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல்" என்று போட்டிருந்தீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில், உலோகத்தைக் காய்ச்சிப் பதப்படுத்துகிற ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் 31 வருடம் உலை பார்த்தவன் நான், படித்ததும் வயிற்றெரிச்சல்தான் வந்தது.

என் மனைவியின் தம்பி திருவான்மியூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். போன வருடம் பால்கனிக்கு எவர்சில்வர் கிரில் போட்டார். வேலை எடுத்தவர் பாக்கெட்டிலிருந்து காந்தத்தை எடுத்து பைப்பில் வைத்துக் காட்ட, அது பிடிக்காமல் கீழே விழுந்திருக்கிறது. "ஒட்டவே இல்ல மாமா, ஒரிஜினல் 304" என்று எனக்கு போன் வேறு. (304, 202 என்பதெல்லாம் எவர்சில்வர் ரகங்களின் எண்கள்.) ஒரு மழைக்காலம் போவதற்குள் வெல்டிங் பக்கமெல்லாம் டீக்கறை மாதிரி பழுப்பு ஏறிவிட்டது. ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துச் சோதித்தோம், அது 304 இல்லை, 202.

காந்தம் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தப்பு. உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதைத்தான் அதற்குச் சொல்லத் தெரியும். சாதாரண இரும்பில் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைக்கும் எட்டு அணு, நட்டநடுவில் ஒன்று. இந்த அடுக்கில் காந்தம் ஒட்டும். அதே இரும்பை 912 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சினால் நடு இடம் காலியாகி, ஆறு முகத்திலும் முகத்துக்கொன்று என்று அடுக்கே மாறிவிடும். கோயம்பேட்டில் ஆரஞ்சைக் கோபுரமாக அடுக்கியிருப்பார்களே, அந்த மாதிரி நெருக்கம். இதற்கு ஆஸ்டினைட் என்று பெயர், இதில் காந்தம் ஒட்டாது. (காய்ச்சும்போது 770 டிகிரியிலேயே காந்தம் பிடியை விட்டுவிடும், அது தனிக் கதை.) ஆறவிட்டால் சாதாரண இரும்பு பழைய அடுக்குக்கே திரும்பிவிடும். ஆனால் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்த்துவிட்டால், ஆறிய பிறகும் அந்த அடுக்கு அப்படியே நின்றுவிடுகிறது. 304 என்பது அதுதான்.

சரி, நிக்கல் விலை கூடுதல். அதைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசும் கொஞ்சம் நைட்ரஜனும் போட்டாலும் இதே அடுக்கு வந்துவிடும், அதுதான் 202. காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான், உப்புக்காற்றுக்கு ஒன்றில்லை. துரு பிடிக்காமல் காப்பது குரோமியம் மேலே போட்டுக்கொள்கிற, கண்ணுக்கே தெரியாத, சில நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு ஆக்சைடு தோல். கடல் உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலைத்தான் ஓட்டை போடும், 202இல் அது சீக்கிரம் நடக்கும். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் 304கூட கறை படியும் என்பதுதான் என் அனுபவம், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 அங்கே தேவலை.

இன்னொரு பக்கம், காந்தம் நன்றாக ஒட்டுகிற 430 என்று ஒரு ரகம் இருக்கிறது. நிக்கல் இல்லை என்றே சொல்லலாம், ஆனால் குரோமியம் 16 சதவீதத்துக்கு மேல். இண்டக்‌ஷன் அடுப்புப் பாத்திரத்துக்குக் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருந்தால்தான் சூடே ஏறும். அதை எல்லாம் போலி என்று தூக்கிப் போடச் சொல்கிறீர்களா? 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோக ஆய்வாளர் உருக்கிய துருப்பிடிக்காத எஃகும் காந்தம் ஒட்டுகிற ரகம்தான். உங்கள் குறிப்புப்படி அவரே போலிச் சரக்கு விற்றவர்!

அப்புறம் விளிம்புப் பிரச்சினை. ஒரு தடவை ஆழமாக அழுத்தி எடுத்த கிண்ணங்களை, விளிம்பில் காந்தம் ஒட்டுகிறது என்று சொல்லி ஒரு கம்பெனி மொத்தமாகத் திருப்பி அனுப்பியது. சரக்கு சுத்தமான 304. சூடுபடுத்தாமல் அழுத்தி வளைக்கும்போது, வளைந்த இடத்தில் மட்டும் அடுக்கு நசுங்கி, காந்தம் ஒட்டுகிற மார்ட்டென்சைட் என்ற வேறு அடுக்காகிவிடுகிறது. கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் போடுகிறாரே, அப்போது வாய்ப்பக்கத்தில் உருவாவதும் அதே குடும்பம்தான். அங்கே கார்பன் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்வதால், அடுக்கு ஒரு பக்கம் இழுபட்டு, அரிவாள் கண்ணாடி மாதிரி கடினமாகவும் நொறுங்குகிற மாதிரியும் ஆகிவிடும். அதனால்தான் மறுபடி இளஞ்சூடு காட்டி அந்த முறுக்கைக் கொஞ்சம் தணிக்கிறார்கள். கிண்ணத்தில் அவ்வளவு கார்பன் கிடையாது, காந்தம் மட்டும் ஒட்டும். நாங்கள் அந்தக் கிண்ணங்களில் பத்தை உலையில் ஏற்றி, 1050 டிகிரி காட்டி, தண்ணீரில் போட்டு எடுத்தோம். அடுக்கு மறுபடி ஆஸ்டினைட் ஆகிவிட்டது, நிக்கல் இருப்பதால் ஆறிய பிறகும் அப்படியே நின்றது, காந்தம் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கிராம் உலோகம்கூடக் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. வந்த மேனேஜர் இரண்டு கிண்ணத்தை மாற்றி மாற்றிக் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் காபி குடித்துவிட்டுப் போனார்.

வாசகர்களுக்கு என்ன சொல்லலாம் என்றால், பில்லில் ரகத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள், "எஸ்.எஸ்." (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள். சென்னை செம்புதாஸ் தெரு மாதிரி இடங்களில் இரும்பு வியாபாரம் செய்பவர்களுக்குச் ரகம் கண்டுபிடிக்க ரசாயனச் சொட்டு விட்டுப் பார்க்கிற சோதனை தெரியும். பைப்பில் அந்த ரசாயனத்தில் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் மாங்கனீசு அதிகமுள்ள ரகத்தில் சிவக்கும். பெரிய வேலையென்றால் ஆலையின் சோதனைச் சான்றிதழையே கேட்கலாம்.

மைத்துனர் கிரில்லை மாற்றுகிற நிலையில் இல்லை. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் துடைத்துவிடச் சொல்லியிருக்கிறேன், பாவம், துடைக்கிறார். நீங்கள் திருத்தம் போடுவதானால் தயவுசெய்து அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலைத் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை