மின்கார் உரிமையாளர் சங்கம், திருச்சி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, டாக்ஸி ஓட்டும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் எங்களிடம் முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான்: சார்ஜ் போடக் காத்துக் கிடக்கிறோமே, அதற்கு ஏதாவது வழி பண்ணுங்கள். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல நடந்தது. புதிய உறுப்பினர்களுக்காக இன்சூரன்ஸ் பற்றி ஒரு கூட்டம் வைத்தோம். கேள்விகள் அதிகம், நேரம்தான் போதவில்லை.

இனி சார்ஜிங். புதிய நிலையம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கென்று 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். சென்னை–திருச்சி சாலைக்கும் அதில் பங்கு வேண்டும் என்பது நம் கோரிக்கை. ஆனால் மனு நகர்கிறபடி நகரட்டும். இருக்கிற கன்களிலேயே, அதாவது வண்டியில் செருகும் சார்ஜிங் பிடிகளிலேயே, பாதி நெரிசலைக் குறைக்கலாம் என்பது செயற்குழுவின் எண்ணம்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊர் திரும்பிய இரவில் விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே ஒரு நிலையத்தில் நடந்ததைப் பல பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 60 கிலோவாட் சார்ஜர் பெட்டி ஒன்று, கன் இரண்டு. இரண்டிலும் வண்டி நின்றால் ஆளுக்கு 30தான். ஒரு வண்டி 96 சதவீதத்தில் நிற்கிறது, பெட்டியின் திரையில் கரண்ட் சொட்டுச் சொட்டாக ஏறுவது தெரிகிறது, உரிமையாளரைக் காணோம். பின்னால் நம் உறுப்பினரோடு சேர்த்து நான்கு வண்டிகள், ஒன்றில் கைக்குழந்தை. பக்கத்து ஓட்டலில் வண்டி எண்ணைக் கூவச் சொல்லித்தான் ஆளைப் பிடிக்க முடிந்தது. கை கழுவிக்கொண்டே வந்தவர், "இன்னும் நாலு பர்சன்ட்தானே சார்" என்றாராம்.

அந்த நாலு பர்சன்ட்தான் சிக்கலே. லித்தியம் பேட்டரி சுமார் 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். அப்புறம் செல்லின் வோல்டேஜ் உச்சத்தை நெருங்கிவிடுவதால், கரண்டைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. 20லிருந்து 80க்கு ஏற ஆகும் நேரம், கடைசி 20க்கும் கிட்டத்தட்ட ஆகிவிடும். அதனால்தான் 'எண்பதில் கழற்று' என்று தீர்மானம் போட்டோம். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரியை அவ்வப்போது 100 வரை ஏற்ற வேண்டும் என்பது உண்மைதான். அதை வீட்டில் மெதுவாக ஏற்றும் ஏசி கரண்ட் சார்ஜரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எல்லோரும் ஒரே இடத்தில் போய் முட்டுவது. சென்னையிலிருந்து கிளம்பினால் தஞ்சாவூர் வண்டி விக்கிரவாண்டியில் பிரியும், சேலம் வண்டி உளுந்தூர்பேட்டையில் பிரியும். அதுவரை எல்லோருக்கும் ஒரே சாலை. பேட்டரி இறங்கி மனசு பதறத் தொடங்குவதும் அந்த 160, 200 கிலோமீட்டரில்தான். மேல்மருவத்தூர் பக்கமே ஒரு காபிக்கு நிறுத்தி கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, மிச்சத்தைப் பெரம்பலூரில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு சின்ன நிறுத்தம் ஒரு பெரிய நிறுத்தத்தைவிடச் சீக்கிரம் முடியும். பொங்கலுக்குப் பிறகு இப்படிப் போய்ப் பார்த்த உறுப்பினர்கள் பழையபடி போகமாட்டோம் என்கிறார்கள்.

கன் போட்டுவிட்டுப் போகிறவர்கள் செல்போன் எண் எழுதிய அட்டையை டேஷ்போர்டில் வைக்க வேண்டும் என்று அட்டை அச்சடித்துக் கொடுத்தோம். வாங்கியவர்களில் எத்தனை பேர் வைக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

சார்ஜ் முடிந்தும் எடுக்காத வண்டிக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் போடும்படி நிலையம் நடத்துகிறவர்களுக்கு எழுதினோம். டெஸ்லா 2016 டிசம்பரிலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. இங்கே வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறார்கள். நம்மிலேயே சிலருக்கு இதில் உடன்பாடில்லை. பத்து நிமிடம் அவகாசம் கொடுத்துவிட்டு வசூலிப்பதில் தவறில்லை என்பது என் சொந்தக் கருத்து.

நகரத்துக்குள் நிலைமை வேறு. டாக்ஸி ஓட்டுநர்களில் பலர் பார்க்கிங் இல்லாத வாடகை வீட்டில் இருக்கிறவர்கள். அவர்களுக்குப் பொது நிலையத்தை விட்டால் கதியில்லை. வீட்டில் பிளக் உள்ள நாம் இரவில் அங்கே போய் வரிசையில் நிற்பது நியாயமில்லை. 16 ஆம்பியர் சாக்கெட்டில் ராத்திரி பத்து மணி நேரம் போட்டாலே சுமார் 30 யூனிட் ஏறிவிடும். வீட்டில் இருக்கிற இணைப்பிலேயே சார்ஜ் போடலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் அடுக்ககங்களில் தடை போடுகிறார்கள். தீப்பிடிக்கும் என்று பயம், பொது மீட்டரில் ஏறும் என்று சந்தேகம். தனி சப்-மீட்டர், எர்த்திங், எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) மூன்றையும் எலக்ட்ரீஷியனை வைத்துக் காட்டிய அடுக்ககங்களில் சம்மதம் கிடைத்தது. வாய்ப்பேச்சோடு நின்ற இடங்களில் கிடைக்கவில்லை. உங்கள் அடுக்ககத்தில் தகராறு என்றால் சொல்லுங்கள், ஆளோடு வருகிறோம்.

மத்திய மின்துறையின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல்படி காலை 9 முதல் மாலை 4 வரை சார்ஜிங் நிலையங்களுக்கு மின்சாரம் மலிவாகக் கிடைக்க வேண்டும். அந்தக் குறைவு நம் பில்லிலும் தெரிய வேண்டும், பகலில் வருகிறவருக்குக் கட்டணம் குறைய வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை, விடப்போவதுமில்லை.

சார்ஜ் முடிந்தும் எடுக்காத வண்டிக்குப் போடும் தாமதக் கட்டணத்தைச் சங்கம் ஆதரிப்பதா வேண்டாமா என்பதை இன்று வாக்கெடுப்புக்கு விடுகிறோம். அதற்கு முன் பொருளாளர் வரவு செலவை வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் வாசலில் கட்டிவிட்டு வந்தால்தான் வாக்கு.

இப்படிக்கு,
செயலாளர்