தானே ஆறும் பல் அடைப்பு: சில விளக்கங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். விரிசலைத் தானே ஆற்றிக்கொள்ளும் பல் அடைப்புப் பொருள் குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பெங்களூரு அல்சூரில் பல் மருத்துவமனை நடத்தும் என்னிடம் வருவோரில் பலர் தமிழர்கள். “சொத்தைப் பல் இனித் தானாகச் சரியாகிவிடுமாமே டாக்டரம்மா, அதுவரை பொறுக்கலாமா?” என்று அவர்களில் சிலர் இப்போது கேட்கின்றனர். பொறுத்தால் சொத்தை நரம்பு வரை இறங்கிவிடும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

இந்த நுட்பம் பல் மருத்துவத்தில் பிறந்ததன்று. 2001-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஒயிட், நான்சி சோட்டோஸ் உள்ளிட்டோர் திரவம் நிரப்பிய நுண்ணுறைகளை எப்பாக்சி என்னும் உறுதியான செயற்கைப் பிசினில் கலந்தனர். விரிசல் ஓடும்போது உறை உடைந்து, கசியும் திரவம் பிசினில் கலந்திருக்கும் வினையூக்கியைத் தொட்டு இறுகியது. முறிவைத் தாங்கும் திறனில் 75 விழுக்காடு வரை மீண்டது. ஆனால் அந்த வினையூக்கி ருத்தேனியம் என்னும் அரிய உலோகத்தின் விலை மிகுந்த சேர்மம். பின்னர் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்றைய பல்நிற அடைப்புகளில் ஏற்கெனவே உள்ள மெத்தகிரிலேட் வகைத் திரவத்தையே அமீன் என்னும் வேதிப்பொருளுடன் உறைக்குள் வைத்து, அதனுடன் வினைபுரியும் பெராக்சைடை அடைப்பில் சேர்த்தனர். இரண்டும் சந்தித்தால் வழக்கமாக அடைப்பை இறுக்க நாங்கள் காட்டும் நீல ஒளி இல்லாமலே திரவம் இறுகிவிடும்.

இங்கே ஆறுவது அடைப்பின் உடலில் விழும் விரிசல் மட்டுமே. அதுவும் ஒருமுறை உடைந்த உறை மறுமுறை உதவாது. நான் அன்றாடம் காண்பதோ பெரும்பாலும் வேறு. அடைப்பும் பல்லும் சேரும் விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு தெரியும். கூர்முனைக் கருவியை அதன்மேல் இழுத்தால் சிக்கி நிற்கும். அந்த இடைவெளியில் கிருமி புகுந்து மீண்டும் சொத்தை பிடிப்பதை நுண்ணுறையின் திரவம் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை.

இடுப்பு மூட்டு மாற்றத்தில் செயற்கை மூட்டை எலும்பில் பதிக்கும் சிமென்டிலும் இம்முயற்சி நடந்துவருகிறது. தோல் காயங்களை ஒட்டப் பயன்படும் சயனோஅக்ரிலேட் பசையை அங்கே உறைக்குள் அடைக்கின்றனர். உடலின் ஈரமே அதை இறுக்கிவிடுவதால் தனி வினையூக்கி தேவைப்படுவதில்லை. தளர்ந்த மூட்டுக்காக இரண்டாம் முறை அறுவை மேசையில் படுக்கும் முதியவர்களை எண்ணும்போது, இது வெற்றிபெற வேண்டும் என்றே மனமார விரும்புகிறேன்.

உறை எதனால் ஆனது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பல் அடைப்பு ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது யூரியா-ஃபார்மால்டிஹைடு என்னும் செயற்கைப் பிசினாலான உறை. அது உடைந்து வாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது என்ன கசியும் என்பதை, மெல்லும் அழுத்தத்திலும் சூடான காபியிலும் குளிர்ந்த நீரிலும் மாறி மாறிச் சோதித்த பிறகே நோயாளியிடம் கொண்டுவர வேண்டும். முன்னுதாரணம் இல்லாத மருத்துவச் சாதனத்தை மனிதரிடம் சோதிக்க, 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின்படி மத்திய உரிம அதிகாரியின் அனுமதியும் வேண்டும். இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, சோதனை ஆய்வகத்தில் நடந்ததா, மனித வாயில் நடந்ததா என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு