படலையைத் தாண்டி உள்ளே வாருங்கள்: குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாவட்டத்தின் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம். பதினொரு வருடம் பிள்ளை வரம் கேட்டுச் சந்நிதியில் நேர்ந்தபின், மாவட்ட நீதிமன்றக் கட்டளையோடு மகளை மகவேற்று, அதாவது தத்தெடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்த தாய் நான். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

அதே வாரம் எதிர்வீட்டில் ஒரு பிரசவம். உங்களில் ஒருவர் பத்து நாளுக்குள் இரண்டு தடவை அங்கு வந்துபோனதையும், அந்த வீட்டு அடுப்பில் பிரசவித்தவளுக்கான சரக்குக் கறி கொதித்ததையும் வேலிக்கு இப்பால் நின்று அறிந்தேன். எங்கள் வீட்டுக்கும் பின்னர் ஒருவர் வந்தார். அவருடைய கடமையில் நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையின் நிறையைக் குறித்தார், தடுப்பூசித் திகதிகளைச் சரிபார்த்தார், பதிவேட்டில் பிரசவ விபரம் எழுதும் பகுதி வெறுமையாக இருக்கக் கண்டதும் சட்டென்று தாளைப் புரட்டினார். நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அன்றே அழுதிருப்பேன். இரவில் நான் தூக்கினால் பிள்ளை விறைத்துக்கொண்டு, தனக்குப் பழகிய வேறெவரையோ தேடி அழுவாள். பிழையான முடிவெடுத்துவிட்டேனோ என்ற நினைப்பும், அப்படி நினைத்ததற்கான வெட்கமும் விடியும்வரை என்னைத் தூங்கவிடாது. "நோகாமல் கிடைச்ச பிள்ளைதானே, உமக்கென்ன களைப்பு?" என்றார் மாமி. கேட்டு வாங்கிய வரத்தைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இவள் எனக்கே பிறந்த பிள்ளையாகக் கொள்ளப்படுகிறாள். சட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்க, பிரசவித்த தாய்க்குள்ள விசாரிப்பு எனக்கு இல்லாமற் போவது நியாயமாகப் படவில்லை. பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வை அறிய 1987 இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள்தான் உள்ளன: சிரிக்க முடிகிறதா, காரணமின்றிப் பயம் வருகிறதா, நித்திரை கெடுகிறதா என்பன போன்றவை. அவற்றில் ஒன்றுகூட வயிற்றைப் பற்றியோ தையலைப் பற்றியோ கேட்பதில்லை. அந்தப் பத்துக்கும் அன்று என்னிடம் பதில் இருந்தது.

ஆகவே, மகவேற்ற வீடுகளுக்கும் முதல் மாதங்களில் சில தடவை வாருங்கள். ஒழுங்கையில் நின்று "சுவீகாரப் பிள்ளை வீடு எது?" என்று விசாரியாதீர்கள், அயலுக்கு எதை, எப்போது சொல்வதென்பது எங்கள் முடிவு. எங்களைப் போன்ற இன்னொரு குடும்பம் உங்கள் பிரிவில் இருந்தால், இரு பகுதியாரின் சம்மதத்தோடு அறிமுகம் செய்துவையுங்கள். கூட்டம் வேண்டாம், ஒரு தேநீர் போதும். நிலைமை முற்றினால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வழிகாட்டுங்கள். இரவில் அழைக்க 1926 என்ற உளநல உதவி இலக்கம் இருப்பதையும் முதல் வருகையிலேயே சொல்லுங்கள். எனக்கு அது தெரியவந்தபோது மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

பிள்ளையின் தகப்பனையும் மறவாதீர்கள். வேலையால் வந்த பிறகும் என் கணவர் சைக்கிளைப் பிடித்தபடி படலைக்கு வெளியே நெடுநேரம் நின்ற மாலைகள் பல. ஏனென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு தாய்