பிள்ளைகள் வாசிக்க ஓர் இடம்: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், சென்னை, மும்பை, வளைகுடா என்று வெளியில் இருக்கும் நம்ம ஊர் அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, நம் படிப்பகத்தின் சிறுவர் புத்தகங்கள் மொத்தமும் சேற்றோடு போயின. சுவர் நிற்கிறது, தரையும் அலமாரியும் இல்லை. அதைச் சரிசெய்து, 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வாசிப்பு தொடங்க நினைக்கிறோம்.

எழுத்துக் கூட்டப் பள்ளிக்கூடம் பழக்கிவிடுகிறது. அதற்கு அடுத்த படியில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வீட்டில் 'எங்கல போற?' என்று கேட்டு வளர்கிற பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் அந்நியமாக இருக்கிறது. அது முதலில் காதில் விழ வேண்டும். பழம்பாடல்கள் இதற்கு ரொம்ப உதவும். எதுகையும் மோனையும் அடுத்த சொல்லைத் தானாக நாக்குக்குக் கொண்டுவரும். மனப்பாடமான வரியை அச்சில் பார்க்கும்போது சொல் முழுசாகக் கண்ணில் படும். சின்னவர்களுக்கு ஆத்திசூடி, பாப்பா பாட்டு. கொஞ்சம் வளர்ந்ததும் குற்றாலக் குறவஞ்சியின் மலைவளம்.

அப்புறம் முக்கூடற்பள்ளு. நம் சீவலப்பேரியில், தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற இடத்துப் பாட்டு. ஆற்றில் வெள்ளம் வருவதற்கான அடையாளங்களை அது சொல்கிறது: மலையாளப் பக்கமும் ஈழப் பக்கமும் மின்னும், கேணியில் தவளை கூப்பிடும், நண்டு சேற்றால் வளையை அடைக்கும். வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டினால் சும்மா இருப்பார்களா? நண்டுக்கு எப்படித் தெரியும், ஈழம் எந்தத் திசை என்று கேட்பார்கள். தாங்கள் பார்த்ததைச் சொல்வார்கள். அந்தப் பேச்சில்தான் மொழி வளரும் என்று உறுதியாக நம்புகிறோம்.

பள்ளும் குறவஞ்சியும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. அதனால் ஏற்ற பாடல்களை மட்டும் எடுத்து, பதம் பிரித்து, பெரிய எழுத்தில் ஒரு சிறு தொகுப்பாக அச்சிடுவோம். பாரதி பாடல்கள் நாட்டுடைமை, மற்றவை பழம்பாடல்கள் என்பதால் அச்சுச் செலவு மட்டுமே ஆகும். ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் கம்பனை உரக்கப் படித்து ரசித்த சீமை இது. அந்த ருசி நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

மொத்தம் 2,42,000 ரூபாய் தேவை. தரை, மின்சாரம், வெள்ளம் எட்டாத உயரத்தில் அலமாரி ஆகியவற்றுக்கு 1,10,000. பக்கத்துப் பள்ளிகளுக்கும் சேர்த்து 500 தொகுப்புகள் அச்சிட 60,000. தினமும் வாசித்துக் காட்ட ஊரிலேயே படித்த பெண்கள் இருவருக்கு, மாதம் ஆளுக்கு 3,000 வீதம் ஓராண்டுக்கு 72,000. வாசிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் இது நிலைக்காது என்பதால் அதில் மட்டும் குறைக்க மாட்டோம்.

120 ரூபாய் கொடுத்தால் ஒரு பிள்ளையின் கையில் ஒரு தொகுப்பு. பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவை மாதாமாதம் படிப்பக வாசலில் ஒட்டுவோம். நல்ல நிலையில் உள்ள சிறுவர் புத்தகங்களும் தரலாம். ஐப்பசி மழைக்குள் தரை வேலையை முடிக்க வேண்டும். ஆவணிக்குள் தந்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
படிப்பகக் குழுவினர்