மிச்சம் விழாத தொகை: மண்டபத்து மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன, நீயும் பங்குக் கணக்கு நோட்டை மூடி வைத்திருப்பாய். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துப் பிரிக்கும்போதெல்லாம் சில்லறை இழுக்கிறதே, எத்தனை பங்கு போட்டாலும் மிச்சம் விழாத தொகை ஒன்று உண்டா என்று கேட்டாய் அல்லவா?

இருபது பங்கு வரைக்கும் என்றால் உண்டு: 23,27,92,560. ஒன்று முதல் இருபது வரை எதனால் வகுத்தாலும் மீதி வராத எண்களில் இதுதான் ஆகச் சிறியது. (ஒரு நடையில் இவ்வளவு கிடைத்தால் எனக்கும் ஒரு பங்கு வை.)

பள்ளிக்கூடத்தில் படித்த மீச்சிறு பொது மடங்குதான் இது. இருபது எண்களையும் பெருக்க வேண்டாம். 16 இருந்தால் 2, 4, 8 மூன்றும் அதற்குள் அடக்கம். 9 இருந்தால் 3 தனியாக வேண்டாம். ஆக 16, 9, 5, 7, 11, 13, 17, 19 ஆகிய எட்டைப் பெருக்கினால் போதும். 12 பேர் வந்தால் அதற்கான 4-ம் 3-ம் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. இன்னொன்று பார், 20-க்காகக் கட்டிய எண் 21-க்கும் 22-க்கும் சும்மாவே சரியாக வரும். 21 என்பது 3×7, 22 என்பது 2×11. 22 பேர் என்றால் தலைக்கு 1,05,81,480. 23-ல்தான் மாட்டும், 15 ரூபாய் மிஞ்சும்.

இனி அந்தத் தொகையில் ஒரே ஒரு ரூபாயைச் சேர். 23,27,92,561. 2 முதல் 22 வரை எதால் வகுத்தாலும் மீதி 1. அது மட்டுமா, அது பகா எண்ணே! எவ்வளவு இணக்கமான எண், அதற்குப் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பிடிவாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீ சும்மா இருக்கும் 61 நாளும் இதே சாதிதான்: 1 முதல் 6 வரைக்கான எண் 60, ஒன்று கூட்டினால் 61, பகா எண். 7 வரை 420. 421-ம் பகா எண். சரி, எப்போதும் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதே. 8 வரை போனால் 840, ஆனால் 841 என்பது 29×29.

23,27,92,560-க்கு மொத்தம் 960 காரணிகள். அதற்காக அதைச் சாம்பியன் என்று சொல்ல மாட்டேன். 19-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 15-ஐப் போட்டால் 18,37,83,600 வரும். சுமார் அஞ்சு கோடி குறைவு, ஆனாலும் அதே 960 காரணிகள். தன்னைவிடச் சிறிய எல்லா எண்ணையும் காரணிக் கணக்கில் முந்தும் இந்த மாதிரி எண்களைப் பற்றித்தான் நம் ராமானுஜன் 1915-ல் நீளமான ஒரு கட்டுரையே எழுதினார். என்ன, 19 பேர் வந்தால் இது உனக்கு உதவாது.

அப்புறம் அந்த 23-வது ஆள். அவரையும் சேர்க்க வேண்டுமென்றால் தொகையை 23-ஆல் பெருக்கு: 535 கோடியே 42 லட்சத்து 28 ஆயிரத்து 880. 24 பேருக்கும் அதுவே செல்லும். 25-க்கு உள்ளே இன்னொரு 5 வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை