புகாரை அனுப்பிவிடுங்கள்: எங்கள் கிரிக்கெட் கழக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழுவினருக்கு வணக்கம்.

ஜூலை ஆட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் அணிப் பையன் துடுப்பெடுத்தாடிய நேரம் முழுக்க, எதிரணி விக்கெட் காப்பாளர் அவன் நிறத்தையும் தகப்பன் கடையில் நிற்பதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஸ்கொயர் லெக்கில் நின்ற நடுவருக்கும் கேட்டது. லீக்குக்கு எழுதுங்கள் என்று தாயார் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில்: "நடுவரா நிண்டது எங்கட ஆள்தானே, ஆர் நம்பப்போகினம்?"

சரி, வேறு யார் நிற்பார்கள்? கீழ்ப் பிரிவுகளுக்கு எங்கள் லீக் நடுவர் அனுப்புவதில்லை. ஆட்டமிழந்து வந்தவர் கால்காப்பைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கோட்டோடு போய் நிற்கிறார். அவர் எல்பிடபிள்யூ இல்லை என்று தலையாட்டினால் எதிரணி முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொள்கிறது. அதே மனிதர் காதால் கேட்டதைச் சொன்னால் மட்டும் செல்லாதா? செல்லுமா செல்லாதா என்பதை லீக் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் புகாரை அனுப்புங்கள்.

அதைவிட, அடுத்த மாதம் அதே அணியோடு மறு ஆட்டம் வந்தபோது நீங்கள் செய்ததுதான் இன்னும் தாங்க முடியவில்லை. வழக்கமாக மூன்றாவதாக இறங்குகிற பையனைப் பத்தாவதாகப் போட்டீர்கள், "பிரச்சினை வராமல் இருக்க". அவன் கால்காப்பைக் கட்டிக்கொண்டு எல்லைக்கோட்டருகே இருந்தான், முறை வரவேயில்லை. பேசியவர் வழமைபோல ஸ்டம்புக்குப் பின்னால் நின்றார். அன்றிரவு ஸ்கோர் பதிவேற்றும்போது எதிரணியின் நன்னடத்தைக்கு நல்ல புள்ளியும் போட்டிருக்கிறீர்கள். பண்பாடு என்றால் இதுவல்லவோ!

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கிரிக்கெட் கழகத்தின் கதை மறந்திருக்காது. அங்கே ஆடிய பாகிஸ்தான் வம்சாவளி வீரர் அசீம் ரஃபீக்கை நோக்கிச் சொல்லப்பட்ட இனவசைச் சொல்லை நட்பான கேலி என்று அங்கேயும் ஒரு விசாரணையில் எழுதினார்களாம், 2021இல் செய்தி வந்தது. 2023இல் அந்தக் கழகத்துக்கு 4 லட்சம் பவுண்ட் தண்டம் விதிக்கப்பட்டது, சம்பியன்ஷிப்பில் 48 புள்ளிகளும் பறிபோயின. அதே ஆண்டு ஜூனில் வந்த, இங்கிலாந்து, வேல்ஸ் கிரிக்கெட்டில் சமத்துவத்தை ஆராய்ந்த சுயாதீன ஆணைக்குழுவின் அறிக்கையில், பதிலளித்தவர்களில் பாதிப்பேர் முந்தைய ஐந்து ஆண்டுகளில் பாகுபாட்டை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்திய வம்சாவளியினரில் அது 82 வீதம், பாகிஸ்தான், வங்காளதேச வம்சாவளியினரில் 87 வீதம். முறையிட்டால் பின்விளைவு வரும் என்று பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. எங்கள் பையனுக்கு அந்தப் பின்விளைவு சொந்தக் கழகத்திலிருந்தே வந்துவிட்டது.

மைதானம் அந்த எதிரணியினருடையது, அடுத்த வருட வாடகை ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் தலைவர் பதவி எந்தப் பாடசாலையின் பழைய மாணவருக்கு என்று தகராறு வந்தால் மட்டும் இரவோடிரவாக மூன்று பக்கக் கடிதம் வருகிறதே, எல்லோருக்கும் பிரதியோடு! இராப்போசன விழாவுக்கு யார் யாருக்குப் பொன்னாடை என்று முடிவெடுக்க உபகுழுவே இருக்கிறது. ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்காக நாலு வரி எழுத ஆளில்லை. இந்த நாட்டில் பட்டதையெல்லாம் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிற எங்களுக்கு, அதைப் படிவத்தில் எழுதத்தான் கை வருவதில்லை.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். கழகச் செயலாளர் வழியாக வந்தால்தான் பார்ப்போம் என்று லீக் சொல்வதால் உங்களிடம் வர வேண்டியிருக்கிறது. தயவுசெய்து புகாரை அனுப்புங்கள். தாயார் எழுதியதும், அன்று நடுவராக நின்றவர் எழுதியதும் செயலாளரின் மின்னஞ்சலில் ஜூலையிலிருந்தே கிடக்கின்றன. இரண்டையும் இணைத்து, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன் அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான பிரதியைத் தாயாருக்கும் கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் அணி உறுப்பினர் ஒருவர்